ஒரு சமன்பாடு ஏன் கோடாகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ் வழியில் படித்தவர், இப்போது பெங்களூரில் வேலை, தம்பி இங்கே ஆங்கில வழியில் பத்தாம் வகுப்பு. கிராஃப் வரையச் சொன்னால் அட்டவணை போடுகிறான், புள்ளி வைக்கிறான், ஸ்கேல் வைத்துக் கோடும் இழுத்துவிடுகிறான். ஆனால் “இந்தக் கோடு எதைக் காட்டுது?” என்று கேட்டால் முழிக்கிறான். ஒய் = 3 என்று கொடுத்தால் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு முடிந்தது என்கிறான். ஒய் = எம்எக்ஸ் + சி என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைத்தால் இது சரியாகிவிடுமா என்பது உங்கள் கேள்வி. கூடவே தம்பி கேட்ட இரண்டு சின்னக் கேள்விகள்: கூரையில் ஊர்ந்த ஈயைப் பார்த்து டெக்கார்ட் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த வரைபட முறையைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா, சாய்வுக்கு ஏன் எம் என்று எழுதுகிறோம்.

சூத்திரம் போதாது. அவனுக்குப் புள்ளி வைக்கத் தெரிகிறது, கோடு என்றால் என்ன என்றுதான் தெரியவில்லை, அது சூத்திரத்தில் கிடைக்காது. நான் பெங்களூர் அல்சூரில் 19 வருடமாக எட்டு முதல் பத்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன், பெரும்பாலும் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடத்தில் ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வாழ்கிறவர்கள். உங்கள் தம்பியைப் போன்றவர்கள் ஒவ்வொரு வருடமும் நாலைந்து பேர் வருவார்கள், அத்தனை பேருக்கும் தடுமாற்றம் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான்.

அவர்கள் சமன்பாட்டை ஒரு கட்டளையாகப் பார்க்கிறார்கள். ஒய் = 2எக்ஸ் + 1 என்றால், எக்ஸைப் போடு, ஒய்யை எடு, புள்ளி வை, அடுத்ததுக்குப் போ. அதை ஒரு நிபந்தனையாகப் பார்க்கப் பழக்க வேண்டும். தாளில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கையில் இரண்டு எண்களை வைத்துக்கொண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமன்பாடு வாசலில் நின்று ஒவ்வொரு புள்ளியிடமும் கேட்கிறது: உன் முதல் எண்ணை இரட்டித்து ஒன்று கூட்டினால் உன் இரண்டாவது எண் வருமா? வரும் என்கிற புள்ளிகளுக்கு மட்டும் அனுமதி. (3, 7) உள்ளே வரலாம், ஏனென்றால் மூன்றை இரட்டித்தால் ஆறு, ஒன்று கூட்டினால் ஏழு. (2, 6) வர முடியாது, அங்கே ஐந்துதான் வர வேண்டும். அப்படி அனுமதி கிடைத்த அத்தனை புள்ளிகளும் சேர்ந்து நிற்பதுதான் கோடு. ஒன்றுகூட வெளியே விடுபடவில்லை, தகுதி இல்லாத ஒன்றுகூட உள்ளே இல்லை. இந்த இரண்டு பாதியும் சேர்ந்தால்தான் விஷயம் முழுமை, பெரும்பாலும் இரண்டாவது பாதியை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இதை வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான், செய்து பார்க்க வைக்க வேண்டும். 0, 1, 2, 3 என்று எக்ஸுக்குக் கொடுத்து 1, 3, 5, 7 என்று ஒய் எடுத்துக் கோடு போட்டு முடித்த பிறகு, அட்டவணையில் இல்லாத ஒரு இடத்தில் பென்சிலை வைக்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். கிராஃப் தாளில் அந்த இடத்தைப் படித்தால் (1.5, 4) என்று வரும். சமன்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், சரியாக உட்காரும். அப்புறம் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு புள்ளி, கொஞ்சம் கீழே ஒரு புள்ளி. மேலே உள்ளதில் ஒய் அதிகமாக இருக்கும், கீழே உள்ளதில் குறைவாக இருக்கும், கோட்டின் மேல் மட்டும்தான் சமம். பிறகு கோட்டை மனதில் நீட்டி, (100, 201) இதன் மேல் இருக்குமா, (−4, −7) இருக்குமா என்று கேளுங்கள், இரண்டும் இருக்கும். சில வருடம் முன்னால் என்னிடம் படித்த ஒரு பெண் 1.5 போட்டுப் பார்த்து, 1.25 போட்டுப் பார்த்து, 1.1 போட்டுப் பார்த்து, பிறகு நிமிர்ந்து “அப்போ நடுவுல எங்கே வெச்சாலும் வருமா மிஸ்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. புள்ளிகளை நாம் சேர்த்துக் கோடு போடவில்லை, கோடு ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நாம் வைத்த நாலு புள்ளி அதன் நாலு அடையாளம் மட்டுமே என்பது அப்போதுதான் உறைக்கும்.

சரி, ஏன் நேர்கோடு, ஏன் வளையவில்லை? படிக்கட்டை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எல்லாப் படியும் ஒரே அகலம், ஒரே உயரம் என்றால் அதன் மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்தால் ஒவ்வொரு படியின் முனையையும் தொடும். ஒரே ஒரு படி உயரம் மாறினாலும் பலகை எங்கோ தூக்கிக்கொள்ளும். ஒய் = 2எக்ஸ் + 1இல் எக்ஸ் ஒன்று கூடும்போதெல்லாம் ஒய் இரண்டு கூடுகிறது, எங்கிருந்து ஆரம்பித்தாலும். அந்தப் படி உயரம்தான் சாய்வு. ஒய் = எக்ஸ்² என்று எடுத்தால் 0, 1, 4, 9 என்று போகும், படி உயரம் 1, 3, 5 என்று வளர்ந்துகொண்டே போகிறது, அதனால் பலகை உட்காராது. இதற்கும் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்துவிடும் பிள்ளைகள் உண்டு. கையால் வளைத்துத்தான் வரைய வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

சாய்வுக்கு நான் எப்போதும் எடுப்பது நம் ஊர் ஆட்டோ மீட்டர் கட்டணம். 2025 ஆகஸ்ட் 1இலிருந்து முதல் 2 கி.மீ.க்கு 36 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கி.மீ.க்கும் 18 ரூபாய். இதைப் படமாகப் போடச் சொல்லுங்கள், தூரம் கிடையச்சில், ரூபாய் நிலையச்சில். இரண்டு கி.மீ. வரை 36இல் படுத்த கோடு, அங்கே ஒரு மடிப்பு, அதற்குப் பிறகு ஏறும் கோடு. 5 கி.மீ. போனால் 36 கூட்டல் மூன்று பதினெட்டு, 90 ரூபாய். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஏறும் கோட்டை ஸ்கேல் வைத்துப் பின்பக்கமாக நீட்டினால் நேராக ஆதிப்புள்ளியில் போய் முட்டும், ஏனென்றால் 36 என்பது சரியாக இரண்டு பதினெட்டு. அதனால் 2 கி.மீ. தாண்டிவிட்டால் கட்டணம் வெறும் ஒய் = 18எக்ஸ்தான். இதற்கு முன்னால் இருந்த கட்டணமும் அப்படியே: 2 கி.மீ.க்கு 30, பிறகு கி.மீ.க்கு 15, ஆக ஒய் = 15எக்ஸ். இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு, ஆக ஒய் = 27எக்ஸ். மூன்றையும் ஒரே தாளில் போட்டால் மூன்று கோடும் பின்னால் ஒரே புள்ளியை நோக்கிப் போகும், சரிவு மட்டும் மாறும். சாய்வு என்றால் என்ன என்று அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருந்ததில்லை. இப்போது குறைந்தபட்சக் கட்டணம் 40 என்று ஒரு கற்பனை வைத்துக்கொள்ளுங்கள், கி.மீ.க்கு அதே 18. ஏறும் கோடு ஒய் = 18எக்ஸ் + 4 ஆகிவிடும், பின்னால் நீட்டினால் நிலையச்சை 4இல் வெட்டும். சி என்ற எழுத்து சொல்வது அவ்வளவுதான், எக்ஸ் பூஜ்யமாக இருந்தால் ஒய் எங்கே நிற்கும் என்பது. நம் தமிழ்ப் புத்தகத்தில் வெட்டுத்துண்டு என்று படித்திருப்பீர்கள், அவன் இன்டர்செப்ட் என்பான். ஒன்று மட்டும் கவனியுங்கள், ஆப்பில் வரும் கட்டணத்தை எடுத்து இந்தப் பயிற்சி செய்யாதீர்கள், நேரத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்ப அது மாறும், நேர்கோடு வராது, பையன் குழம்பிவிடுவான்.

இந்தப் படம் போடும்போது நிலையச்சில் 1 செ.மீ.க்கு 20 ரூபாய் என்று எடுத்தால் கோடு படுத்த மாதிரி தெரியும், 10 ரூபாய் என்று எடுத்தால் நிமிர்ந்து நிற்கும். இரண்டிலும் சாய்வு அதே 18தான். கண்ணுக்குத் தெரியும் சரிவு நாம் எடுத்த அளவுத்திட்டத்தைப் பொறுத்தது, சாய்வு ஒரு எண். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள்.

இப்போது ஒய் = 3. இதற்குப் பெங்களூர்க்காரர்களுக்கு நல்ல வசதி இருக்கிறது, கிராஸ் என்கிற எண் போட்ட குறுக்குத் தெருக்களும் மெயின் ரோடுகளும். மல்லேஸ்வரம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகின்றன, கிராஸ்கள் அவற்றைக் குறுக்கே வெட்டுகின்றன, வடக்கே போகப்போக கிராஸ் எண் கூடுகிறது. யாராவது “எட்டாவது கிராஸுக்கு வா” என்று மட்டும் சொன்னால் எங்கே போய் நிற்பீர்கள்? அது ஒரு முனை இல்லை, ஒரு முழுத் தெரு. எந்த ரோடோடு சந்திக்கும் இடம் என்றும் சொன்னால்தான் ஒரு முனை கிடைக்கும். ஒய் = 3 என்பதும் அப்படித்தான், மூன்றாவது கிராஸ். சமன்பாட்டில் எக்ஸைக் காணவில்லை என்றால் எக்ஸ் பூஜ்யம் என்று அர்த்தமில்லை, எக்ஸ் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்று அர்த்தம். வாசலில் நிற்கும் சமன்பாடு இரண்டாவது எண் 3தானா என்று மட்டும் கேட்கிறது, முதல் எண்ணைப் பார்ப்பதே இல்லை. அதனால் (0, 3), (5, 3), (−20, 3) எல்லாம் உள்ளே வருகின்றன, படுத்த கோடு கிடைக்கிறது. எக்ஸ் = 3 என்றால் நின்ற கோடு. நீங்கள் கேட்ட சூத்திரம் இங்கேதான் கைவிட்டுவிடும்: ஒய் = 3ஐ ஒய் = 0எக்ஸ் + 3 என்று எழுதிச் சமாளிக்கலாம், எக்ஸ் = 3ஐ எம்எக்ஸ் + சி வடிவத்தில் எழுதவே முடியாது. அதன் சாய்வு பூஜ்யம் இல்லை, வரையறுக்கப்படாதது, ஏனென்றால் எக்ஸில் மாற்றமே இல்லாமல் பூஜ்யத்தால் வகுக்க வேண்டியிருக்கும். சூத்திரத்தை மட்டும் நம்பிய பிள்ளை தேர்வில் எக்ஸ் = 3 வந்தால் உறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரு உவமைக்கும் எல்லை உண்டு, தெரு எங்கோ முடியும், கோடு முடியாது, மைனஸ் எண்ணில் கிராஸும் கிடையாது. அதையும் சொல்லிவிடுங்கள்.

கைவேலையில் வரும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எண்ணைக் கட்டத்துக்குள் எழுதக் கூடாது, தடித்த கோடு அச்சை வெட்டும் இடத்தில் எழுத வேண்டும். (2, 5), (5, 2) குழப்பம் பத்தாவதிலும் இருக்கும், முதலில் பக்கவாட்டில் நட, பிறகு ஏறு அல்லது இறங்கு என்று வாய்விட்டுச் சொல்லப் பழக்குங்கள். ஒய் = −2எக்ஸ் + 3இல் எக்ஸ் = −2 போட்டால் 7 வர வேண்டும், பலர் −1 என்று எழுதுவார்கள். இதைப் பிடிக்கத்தான் மூன்றாவது புள்ளி. நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும் என்பது உண்மை, ஆனால் இரண்டு புள்ளி எப்போதும் நேராகத்தான் இருக்கும், தப்பு தெரியவே தெரியாது. மூன்றாவது ஒன்று விலகி நின்றால் எங்கோ பிழை. மூன்றும் நேராக வந்தாலும் முழு நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், கேள்வியையே தப்பாகப் பார்த்து எழுதியிருந்தால் வேறொரு சமன்பாட்டின் கோடு அழகாக வந்து நிற்கும். அதனால் கடைசியில் கோட்டிலிருந்து ஒரு புள்ளியைப் படித்து, வினாத்தாளில் உள்ள சமன்பாட்டில் போட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, 2எக்ஸ் + 3ஒய் = 12 மாதிரி வந்தால் எக்ஸுக்கு 1, 2 என்று கொடுத்துப் பின்னத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். எக்ஸ் பூஜ்யம் என்றால் ஒய் 4, ஒய் பூஜ்யம் என்றால் எக்ஸ் 6, சரிபார்க்க எக்ஸ் 3 என்றால் ஒய் 2. மூன்றும் முழு எண்.

பத்தாம் வகுப்பில் இரண்டு சமன்பாட்டையும் ஒரே தாளில் வரைந்து தீர்வு காணச் சொல்வார்கள். கோடு என்றால் என்ன என்று புரிந்த பிள்ளைக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. இரண்டு வாசலிலும் அனுமதி கிடைக்கும் புள்ளி எது? இரண்டு கோடும் வெட்டும் புள்ளி. ஒரு கற்பனைக் கணக்கு கொடுங்கள்: ஒரு ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு 2 ரூபாய், பைண்டிங் இலவசம். இன்னொன்றில் பக்கத்துக்கு 1 ரூபாய், பைண்டிங்குக்கு 20. ஒய் = 2எக்ஸ், ஒய் = எக்ஸ் + 20. இரண்டும் (20, 40)இல் வெட்டும். இருபது பக்கத்துக்குக் குறைந்தால் முதல் கடை, கூடினால் இரண்டாவது கடை, இருபது என்றால் எங்கே போனாலும் நாற்பது ரூபாய். பன்னிரண்டரைப் பக்கம் ஜெராக்ஸ் எடுக்க முடியாதே, அப்போது கோடு எப்படிச் சரி என்று அவன் கேட்டால் மகிழ்ந்துகொள்ளுங்கள், கேள்வி நியாயமானது. உண்மையில் அங்கே தனித்தனிப் புள்ளிகள்தான் இருக்கின்றன, வசதிக்காகக் கோடு போடுகிறோம். ஆட்டோ தூரம் அப்படியில்லை, இரண்டரை கி.மீ. போகலாம். சாய்வு சமமாக இருந்து வெட்டுத்துண்டு வேறாக இருந்தால் கோடுகள் சந்திக்காது, தீர்வு இல்லை. ஒன்றின் மேல் ஒன்று படுத்தால் கோட்டில் உள்ள எல்லாப் புள்ளியும் தீர்வு.

தம்பியின் இரண்டு கேள்விகள். டெக்கார்ட் 1637இல் வெளியிட்ட நூலின் பின்னிணைப்பில் வடிவியலையும் இயற்கணிதத்தையும் இணைத்தார் என்பது உறுதி. அதே காலத்தில் ஃபெர்மா என்ற இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞரும் தனியாக இதே யோசனைக்கு வந்திருந்தார் என்பதும் உறுதி. ஈ கதை அப்படியில்லை, டெக்கார்ட் எழுதியதில் அது கிடையாது, பின்னால் வந்த கதையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று நாம் போடும் மாதிரி இரண்டு அச்சு, நாலு கால்பகுதி, மைனஸ் பக்கம் எல்லாம் டெக்கார்ட்டின் தாளிலேயே இருந்தன என்று நினைப்பதும் தப்பு, அவை பிறகு பலர் கையில் உருவானவை. எம் என்ற எழுத்துக்கு, ஏறுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பிரான்ஸிலேயே பள்ளிப் புத்தகங்களில் ஒய் = ஏஎக்ஸ் + பி என்றும் எழுதுகிறார்கள், ரஷ்யாவில் சாய்வுக்கு கே. காரணம் எதுவென்று வரலாற்றாசிரியர்களிடமும் முடிவான பதில் இல்லை என்று தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து நான் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. அவன் புள்ளி வைப்பதே அடிக்கடி ஒரு சின்னக் கட்டம் தள்ளிப் போகிறது என்றால் அது கணக்குப் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். கிராஃப் தாளின் மில்லிமீட்டர் கட்டத்தில் தடுமாறிய இரண்டு பிள்ளைகளைக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன், இரண்டு பேருக்கும் கண்ணாடி தேவைப்பட்டது. தாளைப் பார்க்காமல் நான் அதைக் கணிக்க முடியாது, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும். போனில் ஜியோஜீப்ரா என்ற கிராஃப் வரையும் ஆப் இலவசமாகக் கிடைக்கிறது, எம்மையும் சியையும் மாற்றி மாற்றிக் கோடு எப்படி நகர்கிறது என்று பார்க்க அருமையானது, ஆனால் கையால் ஒரு பத்து கோடு போட்ட பிறகு கொடுங்கள்.

இன்று ராத்திரி செய்ய ஒன்று தருகிறேன். 2எக்ஸ் + 3ஒய் = 12, எக்ஸ் − ஒய் = 1, இரண்டையும் ஒரே தாளில் வரையட்டும். வெட்டும் புள்ளி (3, 2) என்று வரும். வந்ததும் நிறுத்தாமல், முதல் கோட்டில் மட்டும் இருக்கும் ஒரு புள்ளி, இரண்டாவதில் மட்டும் இருக்கும் ஒன்று, இரண்டிலும் இல்லாத ஒன்று என்று மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு சமன்பாட்டிலும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே நின்றான் என்று எழுதுங்கள், அங்கிருந்து பார்க்கலாம்.